கொடைக்கானல் ஏரிய ஆயில் பெயின்ட்ல வரையறேன், தண்ணி மட்டும் தார்ப்பாய் மாதிரி வருது, ஹெல்ப் பண்ணுங்க

திண்டுக்கல்_செவ்வந்தி:
எல்லாருக்கும் வணக்கம். ஆயில் பழகி ஒன்றரை வருசம் ஆச்சு, பூ, பழம், பித்தளைச் செம்புன்னு வரைஞ்சுட்டு இருந்தேன், லேண்ட்ஸ்கேப் இதான் முதல் தடவ. கொடைக்கானல் ஏரில காலைல ஆறேமுக்காலுக்கு எடுத்த போட்டோ, தண்ணி மேல லேசா பனி எந்திரிச்சு நகருது, அக்கரைல மரமெல்லாம் கருகருன்னு நிக்குது, நடுவுல ஒரு வெளிச்சக் கோடு. 18க்கு 24 இஞ்ச் கேன்வாஸ். மூணு வாரமா மல்லுக்கட்டுறேன். வானம் ஓரளவு வந்துருச்சு, தண்ணிதான் நீலத் தார்ப்பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. அல்ட்ராமரைன், செருலியன்னு ரெண்டு நீலமும் மாத்தி மாத்திப் போட்டாச்சு, வெளிச்சம் வரட்டும்னு டைட்டானியம் ஒயிட்ங்கற வெள்ளைய கூட்டக் கூட்ட சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆகுது. எங்க தப்பு?

ஏரிக்கரை_ஓவியன்:
நீல ட்யூப எல்லாம் கொஞ்ச நாள் எடுத்து வைங்கம்மா. அடுத்த தடவ போறப்ப கரையோரமா நின்னு குனிஞ்சு பாருங்க, காலடில பாசியும் சேறும் தெரியும், பழுப்புப் பச்சையா இருக்கும், அப்படியே பார்வைய நிமிர்த்திக்கிட்டே போனா அது மறைஞ்சு வானம் ஏறும், அக்கரைகிட்ட முழுக் கண்ணாடி ஆயிடும். நேர் கீழ பாக்கறப்ப வெளிச்சத்துல நூத்துக்கு ரெண்டு பங்குதான் திரும்பி வருது, சாய்வா பாக்கப் பாக்க கூடிட்டே போகும். நீங்க மேலருந்து கீழ வரைக்கும் ஒரே நீலத்த போட்டிருப்பீங்க, அதான் தார்ப்பாய்.

கீழ் ஓரத்துக்கு அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பும் கலந்து, துளி மஞ்சள் விட்டுப் பாருங்க. கருப்பு ட்யூப் வேண்டாம், அந்தக் கலவையே போதுமான இருட்டு தரும். மரத்தோட பிம்பம் மரத்த விட ஒரு படி வெளுப்பா இருக்கட்டும், வெள்ளை போட் இருந்தா அதோட பிம்பம் ஒரு படி மங்கல். இன்னொண்ணு, பிம்பம்னா மேல இருக்கறத தலைகீழா காப்பி அடிக்கறதில்ல. மரத்துக்குப் பின்னாடி எட்டிப் பாக்கற மலை தண்ணில பாதிகூடத் தெரியாது, மரம் மறைச்சுடும். நிறைய பேர் இங்கதான் கோட்ட விடறாங்க.

மதுரை_கேன்வாஸ்:
அண்ணா சொன்னதோட பிரஷ் வேலையும் முக்கியம் அக்கா. பிம்பத்த மேலருந்து கீழ இழுங்க, ஈரம் இருக்கறப்பவே காஞ்ச ஃபிளாட் பிரஷ்ஷ, அதான் தட்டை பிரஷ்ஷ, குறுக்கால ஒரே தடவ, எடையே இல்லாம ஓட்டுங்க, ரெண்டாந்தடவ போனா சகதி. வெள்ளைய தண்ணி முழுக்க கலக்காதீங்க, அந்தக் கோட்டுக்குன்னு மிச்சம் வைங்க. சுத்தி எல்லாத்தையும் ரெண்டு படி இருட்டாக்கிட்டு, கடைசில துளி மஞ்சள் சேத்த வெள்ளைய பெயின்ட் கத்தில கெட்டியா எடுத்து ஒரே இழுப்பு. பனிக்கு அடி லேயர் நல்லா காயணும், அப்புறம் பிரஷ்ல பெயின்டே இல்லாத மாதிரி துடைச்சுட்டு தேச்சு விடணும். மூணு வாரமா மேல மேல போட்டிருக்கீங்க, கெட்டியா இருந்தா உள்ள இன்னும் ஈரம்தான். அடில டர்பன்டைன் விட்டது, மேல போகப் போக லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கூடணும், மாத்திப் பண்ணா பின்னால பெயின்ட்ல வெடிப்பு விழும்.

பச்சைமஞ்சள்:
நீலத்தயே எடுத்து வைக்கச் சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் 1900ல அவங்க ஊர் அட்டர்சே ஏரிய வரைஞ்சத பாருங்க, 80 சென்டிமீட்டர் சதுரம், மேல ஒரு ஓரத்துல இருட்டா துண்டுக் கரை, மிச்சம் பூரா நீலப்பச்சைத் தீத்தல்தான், ஆனா தண்ணி அசையுது, ஏன்னா பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு தீத்தல் ஒரே நிறம் கிடையாது. சுத்தி இருட்டினாத்தான் வெளிச்சம்னும் கிடையாது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1872ல, பிரான்ஸ்ல இருக்கற ‘ல ஆவ்ர்’ துறைமுகத்துல வரைஞ்ச சூரியன கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்க, மேகத்தோட கலந்து காணாமப் போயிடும். ரெண்டும் ஒரே அளவு வெளிச்சம், ஆரஞ்சு பக்கத்துல சாம்பல் நீலம் இருக்கறதாலதான் அது தகதகன்னு துடிக்குது. உங்க கோட்டுக்கும் வெள்ளைக்குப் பதிலா இளஞ்சூடா ஒரு நிறத்த வச்சுப் பாருங்களேன்.

திண்டுக்கல்_செவ்வந்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போட்டோவ கருப்பு வெள்ளையாக்கிப் பாத்தேன், நான் வெள்ளைய கொட்டுன இடமெல்லாம் நடு சாம்பல்தான்! மேலாப்புல ஈரமா இருந்தத கத்தில சுரண்டிட்டு, வலது கீழ் மூலைய மட்டும் பழுப்புப் பச்சைல போட்டேன், ஒரு சாண் இடம்தான், அங்க விரல விட்டா நனையும் போல இருக்கு. மலை விசயமும் சரி, போட்டோல தண்ணிக்குள்ள மலையே இல்ல, நான்தான் சேத்து வரைஞ்சிருக்கேன். கோட்ட இன்னும் தொடல. அடி காயட்டும், அதுக்குள்ள ஒரு விடியக்காலம் மேல போய் நேர்ல பாத்துட்டு, வெள்ளையா ஆரஞ்சான்னு சொல்றேன்.