அவசரம்: கொடுப்புப்பல் வீக்கம், ஸ்பெஷலிஸ்டிட்ட எப்பிடிப் போறது?

கொக்குவில்23:
வணக்கம். இஞ்ச வந்து நாலு மாசம். கீழ்க் கடைசிக் கொடுப்புப்பல் முந்தநாள் தொடக்கம் குத்துது, இண்டைக்குக் கன்னம் வீங்கிப்போட்டுது. ஜீபியிட்ட (குடும்ப டொக்டர்) போனால் பல்லு தங்கட வேலையில்லையாம். ஆறு டென்ரிஸ்ற்றுக்கு அடிச்சன், ஒருத்தரும் புது ஆக்களை எடுக்கேல்லையாம். விசாவுக்கு ஹெல்த் சார்ஜ் எண்டு அவ்வளவு காசு கட்டினது பிறகு என்னத்துக்கு? ஊரில எண்டால் விடியப் பெரியாஸ்பத்திரியில நம்பர் எடுத்திருப்பன்.

ஸ்காபரோ மாமா:
தம்பி, முதல்ல வரி பைல் பண்ணும். அரசாங்கப் பல்லுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழ இருக்கோணும், வேலையிடத்து இன்சூரன்ஸ் இருக்கக்கூடாது. நாங்கள் வந்த நேரம் இதொண்டும் இல்லை. ஒரு பேஸ்மென்ற்றில ஏழு பேர். பல்லுக் குத்தினால் கிராம்பைக் கடிச்சுக்கொண்டு நைற் ஷிப்ற் போவம்.

மல்லாகம் அக்கா:
அண்ணை, விசாவுக்கு ஹெல்த் சார்ஜ், ஜீபி எண்டெல்லாம் எழுதியிருக்கு. இது கனடா இல்லை. தம்பி, எந்த ஊர் எண்டு சொல்லும்.

ஈஸ்ற்ஹாம் பொடியன்:
ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, ஏ அன்ட் ஈக்குப் போங்கோ ப்ரோ, பிடுங்கி விடுவினம். அதுவரைக்கும் இபுப்ரோஃபன் 400 போடுங்கோ.

சுன்னாகத்தான்:
பிடுங்கமாட்டினம். நான் ஒன்பது மணித்தியாலம் குந்தியிருந்து அன்ரிபயோற்றிக்கோட வந்தனான். கடைசியில ஊருக்குப் போகேக்கதான் பிடுங்கினது. பிரைவேற்றில கேட்ட காசுக்கு ரிக்கெற்றே எடுக்கலாம்.

ஈஸ்ற்ஹாம் பொடியன்:
ஒரு பல்லுக்குக் கட்டுநாயக்கா போய், அங்கயிருந்து யாழ்ப்பாணம் மட்டும் ஏ9 றோட்டில குலுங்கிக்கொண்டோ?

சுன்னாகத்தான்:
வரி எடுக்கத் தெரியுது, பல்லுப் பிடுங்கத் தெரியாது. அம்மாவின்ர கட்டுப்பல்லுக்கு நான் அலைஞ்ச அலைச்சல் ஒரு தனிக்கதை...

கொக்குவில்23:
மன்னிக்கோணும், இங்கிலாந்தில லெஸ்ரர். தம்பி இல்லை, தங்கச்சி. வயித்தில பிள்ளை, ஐஞ்சரை மாசம். இபுப்ரோஃபன் வீட்டில கிடக்கு, போடலாமோ?

மல்லாகம் அக்கா:
ஐயோ பிள்ளை, இதையெல்லோ முதல் வரியில எழுதியிருக்கோணும்! இபுப்ரோஃபனைத் தொடாதேங்கோ. பரசிற்றமோல் போடலாம், பெட்டியில போட்டிருக்கிற அளவுக்கு மேல வேண்டாம். நான் பல்லு கிளினிக்கில நேர்ஸ், சொல்லுறதைக் கேளுங்கோ.

இப்பவே 111க்கு, அரசாங்க மருத்துவ உதவி லைனுக்கு, அடியுங்கோ. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் ஒழுங்கு பண்ணுவினம். "பல்லுக் குத்துது" எண்டு மட்டும் சொல்லி விட்டிடாதேங்கோ. கன்னம் வீங்கினதையும் ஐஞ்சரை மாசம் எண்டதையும் முதலே சொல்லுங்கோ. அவசர அப்போயின்ற்மென்ற் தேடித் தருவினம், அதுக்கு ஒரு கிளினிக்கிலயும் பதிஞ்சிருக்கத் தேவையில்லை. வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், வாய் திறக்க, விழுங்க, மூச்செடுக்கக் கஷ்டமெண்டால், தம்பி சொன்ன மாதிரி நேர ஏ அன்ட் ஈ.

ஸ்பெஷலிஸ்டிட்ட நேரப் போகேலாது. டென்ரிஸ்ற் பாத்து ஆஸ்பத்திரி ஓரல் சேர்ஜரிக்கு ரெஃபர் பண்ணோணும். கடைசிக் கொடுப்புப்பல், அதான் ஞானப்பல், சரிஞ்சு கிடக்குது எண்டதுக்காக மட்டும் பிடுங்கமாட்டினம், 2000ஆம் ஆண்டு தொடக்கம் அதுதான் வழிகாட்டல். திருப்பித் திருப்பிக் கிருமி பிடிச்சால் கதை வேற. அதால இந்த வீக்கத்தைக் கட்டாயம் பதியச் சொல்லுங்கோ.

காசு விஷயம். அந்த ஹெல்த் சார்ஜ் பல்லுக் கட்டணத்துக்கு உதவாது. 2025 ஏப்ரல் கணக்குக்கு அவசரமாப் பாக்க 27.40 பவுண், அவசரமில்லாமல் வழமையாப் பிடுங்க 75.30 எண்டு இருந்தது. ஆனா கர்ப்பிணிக்கு அதுவும் இல்லை, பிள்ளை பிறந்து 12 மாசம் வரைக்கும் இலவசம், மருந்தும்தான். மிட்வைஃபிட்ட (பிரசவம் பாக்கிறவ) மெற்றேனிற்றி எக்ஸெம்ப்ஷன் சேர்ற்றிபிக்கேற், அதான் கர்ப்பிணிக்குக் கட்டணம் இல்லை எண்ட சேர்ற்றிபிக்கேற், கேளுங்கோ. அது கையில இல்லாமல் இலவசம் எண்டு போர்மில அடையாளம் போட்டால் 100 பவுண் வரைக்கும் தண்டம் வரும். உங்கட மனுசனுக்குச் சம்பளம் குறைவெண்டால், கட்டண உதவி கேக்கிற HC1 போர்ம் நிரப்பச் சொல்லுங்கோ.

ஸ்காபரோ மாமா:
அப்ப கனடா இல்லையோ. பிள்ளை, வெந்நீரில உப்புப் போட்டுக் கொப்பளியுங்கோ.

கொக்குவில்23:
அடிச்சாச்சு அக்கா. நாளைக்கு விடிய 8.40க்குத் தந்திருக்கினம். மிட்வைஃபுக்கும் மெசேஜ் போட்டிட்டன். வாய் திறக்கேலுது.

மல்லாகம் அக்கா:
நல்லது. எக்ஸ்ரே எடுக்க வெளிக்கிட்டால் முதல்ல மாசத்தைச் சொல்லுங்கோ.