ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறி

மாலதி: அண்ணா, கதிர் பள்ளியிலிருந்து திரும்பும்போது அறை குளிர்ந்திருக்கட்டும் என்று மதியத்திலிருந்தே மின்விசிறியை ஓடவிட்டு வைக்கிறேன். அதனால் பயனே இல்லை என்கிறாள் உங்கள் மகள் நித்யா. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சுந்தரம்: நித்யா சொல்வதுதான் சரி, மாலதி. மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் உடம்பைத்தான் குளிர்விக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வீசினால் அந்த ஆவியாதல் விரைவாக நடக்கிறது. ஆளே இல்லாத அறையில் வியர்க்க யார் இருக்கிறார்கள்? மின்னாற்றல் சுருளில் காந்தப்புலமாகி, இறக்கைகளின் சுழற்சியாகி, காற்றின் ஓட்டமாகி, அந்தக் காற்றும் சுவரிலும் தரையிலும் உரசி ஓய்ந்தபின் முழுவதும் வெப்பமாகவே அறையில் தங்கிவிடுகிறது. மூடிய அறையில் 75 வாட் மின்விசிறி ஓடுவது, 75 வாட் ஹீட்டரைப் போட்டு வைப்பதற்குச் சமம்.

கதிர்: அப்படியென்றால் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா, மாமா?

சுந்தரம்: குளிராது, கதிர், இன்னும் சூடாகும். ஃபிரிட்ஜின் பக்கச் சுவரைத் தொட்டுப் பார், வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் உறிஞ்சிய வெப்பத்தோடு, கம்ப்ரசர் தின்ற மின்சாரமும் வெப்பமாகச் சேர்ந்து அந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. கதவு திறந்திருந்தால் முன்பக்கம் எடுத்த வெப்பத்தைப் பின்பக்கம் அதே அறையில் கொட்டுவதோடு, மின்சாரத்தின் வெப்பமும் கூடுதலாகச் சேரும். ஏசி குளிர்விப்பது, அதன் வெளி யூனிட் வீட்டுக்கு வெளியே இருப்பதால்தான்.

நித்யா: கெட்டிலைப் பற்றியும் சொல்லுங்கள், அப்பா.

சுந்தரம்: அதில் இழப்பு மிகக் குறைவு, ஏனென்றால் நமக்கு வேண்டியதே வெப்பம்தான். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 293 கிலோ ஜூல் போதும், அதாவது 0.08 யூனிட். ஆனால் ஏசி வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட்டுக்கும் மேலான வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் எந்தக் கருவியை எப்போது போட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும், கதிர்.

மாலதி: எங்கள் படுக்கையறையில் இன்னும் பழைய பெட்டி ரெகுலேட்டர்தான் இருக்கிறது, அண்ணா. ஒன்றாம் எண்ணில் வைத்தால் அது கொதிக்கிறது.

சுந்தரம்: அதற்குள் இருப்பது மின்தடைக் கம்பி. வேகத்தைக் குறைக்கும்போது ஒரு பங்கு மின்சாரத்தை அது வெப்பமாகவே வீணாக்குகிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாட்டினால் அந்த வீண் பெரும்பாலும் நின்றுவிடும். விசிறியையே மாற்றுவதானால் பிஎல்டிசி (BLDC) எனப்படும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளதாக வாங்கு. 75 வாட் செய்யும் வேலையை அது ஏறத்தாழ 30 வாட்டில் செய்துவிடும்.

மாலதி: சரி, அண்ணா. மதியம் விசிறியை அணைத்துவிட்டு, வெளியே வெயில் தாழ்ந்ததும் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறேன். சுவரோடு ஒட்டி நிற்கும் ஃபிரிட்ஜையும் சற்று முன்னால் இழுத்து வைக்கக் கதிரிடம் சொல்கிறேன்.