கடுகு மூக்கில் ஏறிய கதைகள்

மாற்றலாகிப் போனவன்

வங்கி வேலையில் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. அதுவரை கடுகு என்றால் எண்ணெயில் வெடிப்பது, அவ்வளவுதான். ரசத்தில் மிதக்கும், பொரியலில் ஒட்டும், பல்லிடுக்கில் சிக்கும். அதற்கென்று ஒரு சுவை உண்டா என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

போன இரண்டாவது வாரம் ஒரு மாலை, கீழ்வீட்டு அம்மாள் எங்களைக் கூப்பிட்டனுப்பி மீன் கொடுத்தார். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பேட்கி மீன், நம் ஊர்க் கொடுவாதான். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் மஞ்சளாக ஒரு விழுது. மாங்காய்த் துவையலாக்கும் என்று ஒரு கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டேன். நாக்கில் லேசான புளிப்பு, கொஞ்சம் உப்பு. நன்றாயிருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தபோது இரண்டு புருவங்களுக்கும் நடுவில் ஆணி இறங்கியது. கண்ணில் நீர் கொட்டுகிறது, மூச்சு விட முடியவில்லை, கையில் மீன். அரை நிமிடத்தில் எல்லாம் போய்விட்டது. எரிச்சல் மிச்சம் இல்லை. சும்மா இருந்திருக்கலாம்; இன்னும் கொஞ்சம் எடுத்தேன்.

அந்த அம்மாள் மூக்கைத் தொட்டுக்காட்டி "ஜாஞ்ஜ்" என்றார். அவர்கள் மொழியில் மிளகாய்க் காரம் "ஜால்". மூக்கில் ஏறுவது "ஜாஞ்ஜ்". இரண்டும் வேறு வேறு. நமக்கோ மிளகாய், மிளகு, இஞ்சி எல்லாமே காரம்தான். நெடி என்று ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறோம். அதையும் மிளகாய் வறுபடும்போது இருமிக்கொண்டே சொல்கிறோமே தவிர, சாப்பாட்டைப் பாராட்ட யாரும் எடுப்பதில்லை.

அந்த விழுதுக்குப் பெயர் காசுந்தி. கடுகைக் கழுவிக் காயவைத்து இடித்து, பச்சை மாங்காயோ மசாலாவோ சேர்த்துச் சில நாள் புளிக்க விடுவது. பழைய குடும்பங்களில் அட்சய திருதியை அன்றுதான் கடுகைக் கழுவித் தொடங்குவார்களாம். நம்மவர்கள் அன்றைக்கு நகைக்கடை வாசலில் வரிசையில் நிற்கிறோம். மழைக்காலத்தில் இல்ஷா மீன் வந்துவிட்டால் தெரு முழுக்க அரைத்த கடுகு மணம். கடுகோடு உப்பும் பச்சை மிளகாயும் வைத்து அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும் என்று என் மனைவிக்கு அம்மியடியிலேயே பாடம் நடந்தது.

பதினோரு ஆண்டு கழித்துச் சென்னை திரும்பியபின் எனக்கு ஓர் எண்ணம் நிலைத்துவிட்டது. தமிழர்களாகிய நாம் கடுகை வெடிக்க விடுகிறோமே தவிர உண்பதில்லை. உங்களுக்கு யாருக்காவது இப்படி மூக்கில் ஏறிய அனுபவம் உண்டா?


நாஞ்சில் மருமகள்

வங்கிக்கார அண்ணா, உங்கள் கடைசி வரிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்காவது நீங்கள் உட்கார்ந்திருந்தால் அதை எழுதியிருக்க மாட்டீர்கள்.

நான் மதுரையில் பிறந்தவள். எனக்குக் கிச்சடி என்றால் ரவை. கல்யாணமாகி வந்த முதல் ஓணத்துக்கு மாமியார் "வெள்ளரிக்காய்க் கிச்சடிக்கு அரைத்துவிடு" என்றார். தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், கடுகு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். நான் நல்ல பெயர் வாங்கும் ஆசையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வெண்ணெய் போல அரைத்தேன். அவர் வந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "கடுகு கோபித்துக்கொண்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு தேங்காயை உடைத்தார். நான் சுவைத்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து.

முறை இதுதான். தேங்காயையும் மிளகாயையும் சீரகத்தையும் முதலில் நைசாக அரைத்துவிட வேண்டும். கடுகைக் கடைசியில் போட்டு அம்மியில் ஒரே இழுப்பு, மிக்ஸியில் ஒரே சுற்று. ஒன்றிரண்டாக உடைந்தால் போதும். வெந்த வெள்ளரிக்காயில் இதைச் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, சற்று ஆறியபின் தயிர் விட வேண்டும். கடுகின் வேகம் குறையாமல் வேண்டுபவர்கள், உடைத்த கடுகைத் தயிரோடு சேர்ப்பார்கள். எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான். அதற்குமேல் தாளிப்பு, அதிலும் கடுகு. ஒரே கிண்ணத்தில் பச்சைக் கடுகும் வெடித்த கடுகும் இருக்கும். ஒன்று மூக்குக்கு, மற்றது பல்லுக்கு. உங்கள் கொல்கத்தா அம்மாளுக்கு இதை ஒரு கரண்டி கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கன்னடத்துக்காரர்களும் கடுகு அரைத்த தயிர்ப் பச்சடி செய்கிறார்கள். அவர்கள் அதைச் "சாசிவே" என்றே அழைக்கிறார்கள், அந்தச் சொல்லுக்குப் பொருளே கடுகுதான். உண்ணவில்லை என்கிறீர்களே!


விஜயவாடா ரயில்வே குடியிருப்பு

ஆவக்காய் என்ற சொல்லில் இருக்கும் "ஆவ" கடுகு. இது தெரியாமல் இருபது வருடம் தின்றிருக்கிறேன். ஆவியில் வேகவைத்த காய் என்று நானாகவே ஒரு விளக்கம் வைத்திருந்தேன், நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் மே மாதம் வந்தால் ஆண்கள் சந்தைக்குப் போய் வரிசையில் நிற்பார்கள். மாங்காயைக் கொட்டையின் ஓடோடு சேர்த்து வெட்டித் தர அங்கே பெரிய அரிவாளோடு ஆள் உட்கார்ந்திருப்பார். ஓடு ஒட்டாத துண்டை வீட்டில் ஏற்க மாட்டார்கள், சீக்கிரம் குழைந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் துணியால் துடைத்து ஈரம் போக்குவது பிள்ளைகளின் வேலை. மிளகாய்த்தூள், கடுகுத்தூள், உப்பு மூன்றும் ஏறக்குறைய சம அளவு. கொஞ்சம் வெந்தயம், சில வீடுகளில் பூண்டு, பிறகு நல்லெண்ணெய். அளவைக் கேட்டு என் மனைவி மயங்கி விழாத குறை.

ஜாடியில் போட்டு மூடினால் மூன்றாம் நாள் திறந்து கிளற வேண்டும். முதல் நாள் தொட்டுப் பார்த்தால் உப்பும் மிளகாயும்தான் தெரியும். மூன்றாம் நாள் மாங்காய் சாறு விட்டிருக்கும். மூடியைத் திறந்தவுடன் குப்பென்று வருவது கடுகு. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய சுகம் ஜாடியில் இல்லை. கலந்து முடித்த அகலப் பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை வழிக்க மாட்டார்கள். அதிலேயே சுடுசோற்றையும் நெய்யையும் கொட்டிப் பிசைந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் உருண்டை உருட்டித் தருவார்கள். என் மகனுக்கு இப்போது முப்பது வயது, இருப்பது பெங்களூரில். மே மாதம் போன் செய்தால் அந்த உருண்டையைப் பற்றித்தான் பேசுவான்.


வேதியியல் வாத்தியார்

மூன்று பேரும் தெரியாமலேயே ஒரே பாடத்தை எழுதியிருக்கிறீர்கள், வாத்தியாரால் சும்மா இருக்க முடியவில்லை.

முழுக் கடுகுக்கு நெடி கிடையாது. சினிக்ரின் என்ற பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் பூட்டிக் கிடக்கின்றன. கடுகு உடைந்து நீர் பட்டால்தான் இரண்டும் சந்திக்கும். அப்போது பிறப்பது அல்லைல் ஐசோதயோசயனேட். அது எளிதில் ஆவியாகும், அதனால்தான் நாக்கைத் தாண்டி மூக்குக்குப் போகிறது, அதே வேகத்தில் மறைந்தும் போகிறது. சுடுஎண்ணெயில் போட்டால் நொதி செத்துவிடும். தாளித்த கடுகு வறுத்த பருப்பின் ருசியோடு நின்றுவிடுவது அதனால்தான்.

ஒவ்வோராண்டும் பதினொன்றாம் வகுப்புக்கு மூன்று டம்ளர் கொண்டுபோவேன். மூன்றிலும் அரைத்த கடுகுத்தூள். ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் கொதிக்கும் தண்ணீர், ஒன்றில் வினிகர். பத்து நிமிடம் கழித்து முகரச் சொல்வேன். பச்சைத் தண்ணீர் டம்ளரை முகர்ந்த பையன் பின்னுக்குச் சாய்வான். மற்ற இரண்டும் சாது. ஜப்பானிய உணவகங்களில் பச்சையாக ஒரு விழுது வைக்கிறார்களே, வசாபி, அதன் நெடியும் இதே பொருள்தான். விலை மலிவான வசாபியில் பாதிக்குமேல் குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும்.


கொம்பனித்தெருப் பக்கத்து வீடு

கொழும்பில் எங்களுக்கு மலாய்க்காரர்கள் அயலவர்கள். பெருநாளுக்கு மஞ்சள் சோற்றோடு ஒரு அச்சாறு வரும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட், சில நேரம் பேரீச்சம்பழம், எல்லாம் முழுதாக, வினாகிரியில், அதாவது வினிகரில், அரைத்த கடுகில் ஊறியபடி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் மாமனார் உறைப்பு என்றால் மிளகாய்த்தூள்தான் என்று நம்புகிறவர். முதல் வெங்காயத்தைக் கடித்தவர் தும்மித் தும்மி, "இதென்ன உறைப்பே இல்லை, ஆனால் அழ வைக்கிறது" என்றார். அடுத்த பெருநாளுக்கு முதல் நாளே, அச்சாறு எப்போது வரும் என்று கேட்டதும் அவர்தான்.


லா ஷப்பல் வாசி

வாத்தியார் மாஸ்டர், நீங்கள் இதை 2022இலேயே எழுதியிருந்தால் எனக்குக் கிலோக் கணக்கில் கடுகு மிச்சமாகியிருக்கும்.

பாரிஸில் ஓர் உணவகச் சமையற்கட்டில் பதினெட்டு வருடமாக வேலை. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கடுகு என்றால் போத்தலில் இருக்கும் விழுது. இறைச்சிக்கும் அதுதான், சலாதுக் குழம்புக்கும் அதுதான், மயோனைஸுக்குள்ளும் அதுதான். டிஜோன் நகரத்தின் பெயர் போட்டு விற்கும் அந்தக் கடுகு உண்மையில் எங்கே வேண்டுமானாலும் செய்யப்படலாம். பெயர் ஒரு செய்முறைக்குத்தான். அப்போது விதையில் பெரும்பகுதி கனடாவிலிருந்து வந்தது. 2021 கோடையில் அங்கே வறட்சி, விளைச்சல் விழுந்தது. அடுத்த வருடம் இங்கே கடைகளில் அந்தத் தட்டு மட்டும் வெறுமை. ஆளுக்கு ஒரு போத்தல் என்று எழுதி ஒட்டினார்கள். ரொட்டி இல்லை என்றால்கூட இவர்கள் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

நான் பின்னேரம் வேலை முடிந்து லா ஷப்பல் போகிறேன். நம்முடைய கடைகளில் கடுகு மூட்டை மூட்டையாக இருக்கிறது. விலைகூட ஏறவில்லை. டிஜோன் விழுதுக்குப் போடுவதும் பழுப்புக் கடுகுதான், நாம் தாளிப்பதும் அதே இனம்தான். அடுத்த நாள் தலைமைச் சமையற்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அவர் என்னிடம் ஆலோசனை கேட்டது அன்றைக்குத்தான்.

வாங்கிக்கொண்டு போன ஐந்து கிலோவில் முதல் பங்கை மெஷினில் தூளாக்கி, வினாகிரியைச் சூடாக்கி ஊற்றினேன். நன்றாகக் கரையட்டும் என்று என் புத்தி. கசந்த சேறு வந்தது, நெடி இல்லை. இரண்டாவது தடவையும் அதே புத்தி. மூன்றாவது தடவை, கோபத்தில், மிச்ச விதையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து ஊறியதை அரைத்துக் கால்மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பிறகு வெள்ளை வைனும் உப்பும் விட்டேன். மூடியைத் திறந்ததும் பாத்திரம் கழுவும் தம்பி உட்பட ஐந்து பேர் வெளியே ஓடினார்கள். விதையின் தோல் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது. அசல் விழுதில் அதைச் சலித்து எடுத்துவிடுவார்கள். நாங்கள் சலிக்கவில்லை. உணவுப் பட்டியலில் "வீட்டுக் கடுகு" என்று போட்டு முயல் கறியோடு கொடுத்தோம். கறுப்புப் புள்ளியை வாடிக்கையாளர்கள் கிராமத்துப் பக்குவம் என்று பாராட்டினார்கள்.


நியூ ஜெர்சியில் மகள் வீடு

சின்ன விஷயம்தான். என் மருமகன் வங்காளி. இங்கே இந்தியக் கடையில் வாங்கிய கடுகு எண்ணெய்ப் பாட்டிலில் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று அச்சிட்டிருக்கிறது. அதிலுள்ள எரூசிக் அமிலத்தைக் காரணம் காட்டி இங்கே அதைச் சமையல் எண்ணெயாக விற்க விடுவதில்லை. முட்டிவலிக்கு நல்லதாயிற்றே என்று நான் எடுத்து இரண்டு காலிலும் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மருமகன் மீன் பொரிக்க எண்ணெயைத் தேடிக்கொண்டு வந்து நின்றார். நானும் அவரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.


மாற்றலாகிப் போனவன்

நாஞ்சில் தங்கைக்கு: வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நேற்று வெள்ளரிக்காய்க் கிச்சடி செய்தோம், கடுகு மிக்ஸியில் ஒரே சுற்று, தயிரோடுதான் சேர்த்தோம். முதல் கவளத்தில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் ஆணி தெரிந்தது. என் மனைவி மட்டும் இன்னும் ஒரு பச்சை மிளகாய் வைத்து அரைத்திருக்கலாம் என்கிறாள். அவளுக்குக் கொல்கத்தா அம்மியடிப் பாடம் மறக்கவில்லை. ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். மீதமிருந்ததை இரவு குளிர்பெட்டியில் வைத்திருந்தேன், காலையில் நெடி பாதிதான் இருந்தது. உங்கள் மாமியார் மறுநாளைக்கு வைப்பதுண்டா, அல்லது அன்றே தீர்த்துவிட வேண்டியதுதானா?


நாஞ்சில் மருமகள்

மறுநாளைக்கு மீந்ததே இல்லை அண்ணா. இன்று கேட்டுச் சொல்கிறேன்.