பனிக்காலத்தில் சைக்கிள் ஓடுபவர்களே, வழியில் யாரைக் கண்டீர்கள்?

றலிக்காரன், ஸ்காபரோ

குளிர் வந்த பிறகும் சைக்கிளைக் கராஜில் தொங்கவிடாமல் ஓடுகிறவர்கள் நம் ஆட்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். எந்த ரயர் நல்லது, எந்தக் கையுறை நல்லது என்று போன முறை தொடங்கிய கதை எங்கே போய் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த முறை அது வேண்டாம். பனிக்காலப் பாதையில் எதிர்ப்பட்ட ஒருவரையோ ஒன்றையோ பற்றி எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

ஜனவரி மாதம், ஞாயிறு காலை, மைனஸ் 11. போர்ட் யூனியன் ஏரிக்கரைப் பாதை. ஒரு பக்கம் ஒன்ராறியோ ஏரி, மறுபக்கம் ரயில் தண்டவாளம். கோடையில் அங்கே மணி அடித்தே விரல் நோகும், அன்று ஒரு குஞ்சு குருமன் இல்லை. ஹைலண்ட் கிரீக் ஏரியில் போய் விழும் இடத்தில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். (இந்தக் குளிரில் மூக்கு ஒரு பூட்டாத குழாய்.) குரங்குத் தொப்பி, அதற்கு மேல் ஜாக்கெட்டின் தொப்பி, கழுத்தில் மப்ளர், கண் மட்டும் வெளியே. அப்படி ஒரு பெரியவர் நடந்து வந்தார். நேரே என் பின்சில்லுக்குப் போய், கையுறையைக் கழற்றி, பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்தார்.

“தம்பி, காத்துக் காணாது.”

வணக்கமும் இல்லை, குட் மோர்னிங்கும் இல்லை. முகம் முழுக்க மூடியிருந்த என்னைத் தமிழன் என்று எப்படிக் கண்டார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். ஹாண்டிலில் அம்மா கட்டிவிட்ட கோயில் நூல் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

வேண்டுமென்றேதான் குறைத்தேன் ஐயா என்றேன். வழக்கமாக 40 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடிப்பேன், ஸ்னோ விழுந்தால் 25க்கு இறக்கிவிடுவேன். ரயர் கொஞ்சம் தட்டையாகி அகலமாகப் பதியும், புதையாது. நான் விளக்கி முடிக்க முதலே அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“மணற்காட்டில நாங்கள் செய்ததைத்தானே நீ இஞ்ச செய்யிறாய்!”

யாழ்ப்பாணத்துக் குடத்தனைக்காரர். மணல் மேடுகளுக்குள் சைக்கிளோடு போவதென்றால் வால்வைத் தளர்த்திக் காற்றை இறக்குவார்களாம், தார் ரோட்டில் ஏறியதும் பம்ப் அடிப்பார்களாம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைக் கண்ணால் காண முடியாது. இவர் கரியரில் வெங்காய மூட்டையைக் கட்டிக்கொண்டு பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரை, இருபது மைலுக்கு மேல், றலி சைக்கிளில் உழக்கியிருக்கிறார். அதே நாளில் திரும்பியும் வந்திருக்கிறார். பற்றரிக்கும் தடை என்பதால் இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டதையும் சொன்னார். அது எனக்குத் தெரியாத கதையா? எங்கள் ஒழுங்கையில் பெடல் சுற்றிய பொடியன்களில் நானும் ஒருவன். செய்தி முடிய முதல் கை ஓய்ந்தால் தலையில் குட்டு விழும்.

பிறகு, “ஒருக்கா ஓடிப் பாக்கட்டே?” என்று கேட்டார். எழுபத்தைந்து வயதாவது இருக்கும். காலில் கனத்த பனிச்சப்பாத்து. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் கை ஏற்கெனவே ஹாண்டிலில் இருந்தது, பிடுங்கவா முடியும்? இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் இரண்டு தத்துத் தத்தி, அதைப் பின்னால் சுழற்றிப் போட்டு ஏறினார். நம் அப்பாக்கள் ஏறுகிற அதே ஏற்றம். மவுண்டன் பைக்கில் ஒருவர் அப்படி ஏறி நான் கண்டதில்லை. ஐம்பது மீற்றர் போய், வட்டமடித்து, மூச்சு வாங்க வந்து இறங்கினார். “மகளுக்குச் சொல்லிப்போடாத” என்றார்.

மகள் யாரென்றும் எனக்குத் தெரியாது. அவர் பெயரைக் கேட்கவும் மறந்துவிட்டேன்.

பொள்ளாச்சிப் பொண்ணு, ஸ்காபரோ

அண்ணா, நீங்கள் ‘ரயர்’ என்று எழுதும்போதெல்லாம் ஒரு நொடி நின்றுதான் படிக்கிறேன். எங்களுக்கு டயர்.

நான் சந்தித்தது நாயை. நாய் என்றுதான் நினைத்தேன்.

பெரிய மின்கோபுரங்களுக்குக் கீழே போகிறதே மெடோவே பாதை, டான் பள்ளத்தாக்கையும் ரூஜ் பூங்காவையும் இணைக்க 16 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டது, அதில் ஒரு சின்னத் துண்டுதான் என் சனிக்கிழமை உலா. கோடையில் இரண்டு பக்கமும் பூச்செடிகளும் பட்டாம்பூச்சியுமாக இருக்கும். குளிர்காலத்தில் வெட்டவெளி, காற்றைத் தடுக்க ஒன்றுமே கிடையாது. அதற்கு மேல், காற்றே வீசாத மைனஸ் 10இல் மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் முகத்துக்கு அது மைனஸ் 18 மாதிரி. அந்தக் காற்றை நாமே காசில்லாமல் உண்டாக்கிக்கொள்கிறோம்.

பிப்ரவரி, மதியம் மூன்று மணி. பாதையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. கழுத்தில் பட்டை இல்லை, கூட மனிதர் யாரும் இல்லை. பொள்ளாச்சியில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவளுக்கு நாய் என்றால் ஒரே பாடம்தான்: கல் எடுப்பதுபோல் குனி, ஓடிவிடும். நிஜமாகக் கல் வேண்டியதில்லை, குனிந்தாலே போதும். குனிந்தேன். அது அசையவில்லை. இந்த ஊர்ப் பிராணிக்கு அந்தப் பாஷை தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோதுதான் வாலைக் கவனித்தேன். புசுபுசுவென்று, நுனியில் கறுப்பு, கீழே தொங்கிக்கொண்டு இருந்தது. கயோட்டி, ஓநாய்க்குத் தம்பி மாதிரி ஒரு காட்டு விலங்கு.

திரும்பி வேகமாக மிதித்துவிடலாம் என்றுதான் கால் சொன்னது. அதைத்தான் செய்யக்கூடாது, ஓடினால் துரத்தும் என்று எங்கள் பூங்கா வாசல் பலகையில் படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். இறங்கி, எனக்கும் அதற்கும் நடுவில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு, கையை மேலே தூக்கிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று கேட்காதீர்கள். தோட்டத்தில் மாட்டை விரட்டும்போது எங்கள் அப்பத்தா போடுகிற சத்தம், அதோடு வரும் வார்த்தைகளும் சேர்த்து. அது என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் காய்ந்த புல்லுக்குள் போய்விட்டது.

ஜனவரி, பிப்ரவரியில் அவை ஜோடி சேரும் காலம் என்பதால் பகலிலேயே கண்ணில் படுமாம். இப்போதெல்லாம் ஹேண்டில்பாரில் ஒரு விசில் தொங்குகிறது.

கறள்பிடித்தவன், மார்க்கம்

சுருக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் என் முட்டாள்தனம்தான் அதிகம்.

சைக்கிளை அப்பார்ட்மெண்டுக்குள்ளே ஹீற்றர் பக்கத்தில் வைத்திருந்தேன். பாசம். குளிரில் நனைந்து வந்த சைக்கிள் சூட்டில் உருகி, அந்த ஈரம் பின்சில்லின் நடுவிலிருக்கும் ராட்செட்டுக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் மைனஸ் 14இல் வெளியே எடுத்தேன். நாலு கிலோமீட்டரில் அந்த ஈரம் உறைந்துபோய், உள்ளே இருக்கும் குட்டிக் கவ்விகள் கவ்வவே இல்லை. பெடல் சுற்றுகிறது, செயின் சுற்றுகிறது, சில்லு மட்டும் தேமே என்று நிற்கிறது. ஒரு ஏரிப் பக்கம், போனும் செத்துப்போய்விட்டது (குளிரில் பற்றரி 40 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடும், நம்பவேண்டாம்).

பிள்ளையைச் சறுக்குப் பலகையில் இழுத்துக்கொண்டு வந்த ஒரு சீனத்து அம்மா நின்று பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, எனக்குச் சீனம் சுத்தமாக வராது. பெடலைச் சுற்றிக் காட்டினேன். அவர் தோளிலிருந்த பிளாஸ்கைத் தட்டிக் காட்டினார். எனக்குப் பொறி தட்டியது. என்னிடமும் ஒரு பிளாஸ்க் நிறைய இஞ்சிப் பிளேன்ரீ இருந்தது. முழுவதையும் சில்லின் நடுவில் ஊற்றினேன். டக்கென்று கவ்வியது. அந்தப் பிள்ளை கை தட்டியது. ராசா மாதிரி ஏறிப் போனேன். ஒரு கிலோமீட்டர் வரைக்கும். பிறகு ஊற்றிய தேநீரும் சேர்ந்து உறைந்துவிட்டது. மிச்ச மூன்று கிலோமீட்டரும் காலால் தரையை உந்தி உந்தி வந்தேன். பின்னால் அந்த அம்மாவே வந்து, அவருடைய பிளாஸ்கிலிருந்து ஒரு மூடி வெந்நீர் குடிக்கத் தந்தார். சில்லுக்கு இல்லை, எனக்கு. அதைச் சைகையில் தெளிவாகச் சொன்னார்.

இப்போது சைக்கிள் கராஜில், குளிரிலேயே இருக்கிறது. ராட்செட்டைக் கழற்றிக் குளிரில் இறுகாத மெல்லிய கிரீஸ் போட்டாயிற்று. ரோட்டு உப்பு பட்ட செயினை ஒவ்வொரு முறையும் துடைக்கிறேன். அதற்கு முன்னால் ஒரே பருவத்தில் செயின் முழுக்கக் கறள், பெயர்க் காரணம் அதுதான்.

றலிக்காரன், ஸ்காபரோ

சீனி போட்டதா, போடாததா?

கறள்பிடித்தவன், மார்க்கம்

மூன்று கரண்டி. வசந்தத்தில் கழற்றியபோது எறும்பு.

கட்டுக்கை, நோர்த் யோர்க்

எல்லோரும் சந்தோஷமாக எழுதுகிறீர்கள். நான் சந்தித்தது தரையை.

டான் ஆற்றோரத்தில் ஒரு மரப்பாலம். வெளியே பிளஸ் 1 காட்டியது, பாதை ஈரமாகத்தான் இருந்தது, அதனால் மனதில் பயமே இல்லை. பாலத்துக்கு மேலேயும் கீழேயும் காற்று போகிறது, மண்ணின் சூடு கிடையாது, அதனால் பாதையெல்லாம் வெறும் ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். கண்ணாடிபோல் ஒரு படலம், பார்த்தால் ஈரம் என்றே தோன்றும். பாதி வழியில் முன் பிரேக்கைத் தொட்டேன். தொட்டது மட்டும்தான் நினைவிருக்கிறது. வலது மணிக்கட்டில் முறிவு, ஆறு வாரம் கட்டு. அவசர சிகிச்சையில் ஆறு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஊசி போட வந்த தாதி தமிழ்ப் பிள்ளை. “இந்தக் குளிரில சைக்கிளோ அங்கிள்?” என்று அவள் கேட்ட கேள்வி ஊசியைவிட வலித்தது, முக்கியமாக அந்த ‘அங்கிள்’.

ரயர் விவாதம் வேண்டாம் என்று சொன்னீர்கள், மன்னிக்கவும், ஒரு வரி மட்டும். ஆணி பதித்த ரயர் வாங்குங்கள். ரப்பரில் டங்ஸ்டன் கார்பைட் முனைகள் பதித்திருப்பார்கள், வெறும் தரையில் பொரி பொரிக்கிற சத்தம் போடும், உழக்கக் கனக்கும், ஆனால் ஐஸைக் கடித்துப் பிடிக்கும். முன்சில்லுக்கு மட்டுமாவது போடுங்கள். பின்சில்லு வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சில்லு வழுக்கினால் விழுந்த பிறகுதான் தெரியும். கொட்டுகிற உப்பையும் நம்பாதீர்கள், மைனஸ் 10ஐத் தாண்டிக் குளிர்ந்தால் சாதாரண உப்பின் வேலை மந்தமாகிவிடும்.

கொக்கு, ரொறன்ரோ

லெஸ்லி ஸ்பிற் போயிருக்கிறீர்களா? கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டியே ஏரிக்குள் 5 கிலோமீட்டர் நீட்டிய நிலம். வார நாட்களில் பகலில் லொறிகள் ஓடுவதால் நாலு மணிக்குப் பிறகுதான் விடுவார்கள். டிசம்பரில் 4:40க்கெல்லாம் சூரியன் போய்விடும் என்பதால் குளிர்காலத்துக்கு வார இறுதிதான் சரி. நாய்க்கு அனுமதி இல்லை, அதனால் பறவைகளுக்கு நிம்மதி.

கரையோரம் நீள்வால் வாத்துக் கூட்டம். ஆர்க்டிக்கிலிருந்து வந்து இங்கே குளிர்காயும் பிறவிகள். இந்த ஏரி அவற்றுக்குக் கதகதப்பு! எல்லாம் சேர்ந்து கத்தினால் தூரத்துக் கல்யாண வீட்டுச் சத்தம் மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே போனபோது பாதையோரக் கொங்கிறீற் கட்டியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பை சிக்கிக் கிடந்தது. எடுத்துக் குப்பையில் போடலாம் என்று சைக்கிளைச் சாய்த்தேன். பை தலையைத் திருப்பி இரண்டு மஞ்சள் கண்ணால் என்னைப் பார்த்தது.

பனி ஆந்தை. பகலிலேயே, தரையோரத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஆந்தை. சில வருடங்களில் வரும், சில வருடங்களில் ஒன்றுகூடத் தென்படாது. நான் அப்படியே பின்னால் நகர்ந்தேன். அது கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. எத்தனை நிமிடம் நின்றேனோ, காலில் உணர்வு போன பிறகுதான் கிளம்பினேன். படம் எடுக்கவில்லை. எங்கே உட்கார்ந்திருந்தது என்று கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன். போன பருவத்தில் இடத்தைச் சொல்லி, கமெராக் கூட்டம் போய் அதைப் பறக்க வைத்ததே போதும்.

பொள்ளாச்சிப் பொண்ணு, ஸ்காபரோ

கொக்கு, என்னைக் கூட்டிக்கொண்டாவது போங்கள். குனிய மாட்டேன், கத்தவும் மாட்டேன்.

றலிக்காரன், ஸ்காபரோ

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அந்தப் பெரியவரை நேற்று மீண்டும் கண்டேன். அதே பாதை, மைனஸ் 4, நல்ல வெயில். இந்த முறை பக்கத்தில் ஒரு பெண், கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். மகளாகத்தான் இருக்க வேண்டும். “அப்பா, வழுக்கும், மெல்ல, மெல்ல” என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். நான் இறங்கி ஓரமாக நின்று, ஐயா சுகமோ என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என்னை முன்பின் கண்டே இராதவர்போல ஏரியைப் பார்த்துக்கொண்டு நடந்தார். சரி, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

என்னைத் தாண்டும்போது மட்டும், மகள் பிடிக்காத கை மெதுவாகக் கீழே வந்து, பின்ரயரை ஒரு முறை அமத்திவிட்டுப் போனது.