கேபிளை நிறுத்தியாச்சு, மேட்ச் பார்ப்பதை நிறுத்தவில்லை: உங்கள் வீட்டில் எப்படி?

மதுரையிலிருந்து:

எங்கள் வீட்டில் கேபிள் இணைப்பை எடுத்து மூன்று வருடம் ஆகப் போகிறது. கிரிக்கெட் இல்லாமல் ஓடாத வீடு இது. அப்பாவுக்கு 74 வயது. 1999ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற டெஸ்ட்டை நேற்று நடந்தது போலச் சொல்வார். முதுகுவலியோடு சச்சின் அடித்த 136, அவர் அவுட்டான பிறகு 17 ரன் எடுக்க ஆளில்லாமல் போனது, தோற்ற வலியிலும் மொத்த மைதானமும் எழுந்து நின்று எதிரணிக்குக் கை தட்டியது. அந்த இடம் வரும்போது அவர் குரல் இன்றைக்கும் தழுதழுக்கும். அப்படிப்பட்டவரிடம் போய் கேபிளை நிறுத்தலாம் என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது.

காரணம் பணம் மட்டும் இல்லை. 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்தது நினைவிருக்கும். 100 சேனலுக்கு 130 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. விளையாட்டுச் சேனல்கள் சிலவும் அதில் விலை கூடியவை. மேட்சுக்காக அதையும் கட்டினோம். 2022 நவம்பரில் டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்திடம் பத்து விக்கெட்டில் தோற்றோம். அடுத்து நம் அணி நியூசிலாந்து போனது. அந்தத் தொடரின் உரிமை அமேசான் பிரைமிடம் இருந்தது. அப்பா காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, நாங்கள் காசு கட்டிய எல்லா விளையாட்டுச் சேனலையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எதிலும் மேட்ச் இல்லை. "காசு கட்டியிருக்கோம்ல?" என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பாக்ஸை எடுக்க வந்த கேபிள்கார அண்ணன் இருபது வருடப் பழக்கம். ஜன்னல் கம்பி வழியாக வந்த கறுப்பு ஒயரை உருவி, முழங்கையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே, "ஐயா இனி மேட்ச் பாக்க மாட்டாகளா தம்பி?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. ரிமோட்டைப் பாலிதீன் உறையோடு அவர் கையில் கொடுத்தார். அந்த உறைக்குள்ளே 6ம் எண் பட்டன் மட்டும் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. விளையாட்டுச் சேனல்கள் எல்லாம் ஆறில் தொடங்கும்.

அப்புறம் நெட் இணைப்பும் ஓடிடியும் வந்தன. அப்பாவுக்காக ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: எந்தப் பட்டன், எந்த ஆப்பின் படம், ஓடிபி எந்த போனுக்கு வரும். பத்து நாளில் பழகிவிட்டார். படம் கேபிளைவிடத் தெளிவாக இருந்தது. 2023 ஐபிஎல் ஆப்பில் இலவசமாகவே வந்தது. கேபிளை விட்டு நாம் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன், இறுதி ஆட்டம் வரை.

அகமதாபாத். மே 28ம் தேதி மழையில் போய், மறுநாளும் மழை பெய்து, நள்ளிரவு தாண்டி நடந்த ஆட்டம். 15 ஓவரில் 171 எடுக்க வேண்டும். தோனி வந்த முதல் பந்திலேயே போய்விட்டார். அப்பா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். கடைசி ஓவரில் 13 ரன். மோகித் சர்மா யார்க்கர் யார்க்கராகப் போட்டு நான்கு பந்தில் மூன்றே ரன் கொடுத்தார். எங்கள் டிவியில் அந்த நான்காவது பந்து முடிந்து அவர் திரும்பி நடந்துகொண்டிருக்கிறார். எதிர்வீட்டில், கேபிளில், ஓ என்று ஒரு சத்தம். அப்பா என்னைப் பார்த்தார். சற்று நேரத்தில் எங்கள் டிவியில் ஜடேஜா நேராகச் சிக்ஸர் அடிக்கிறார். நாங்கள் வாய் திறப்பதற்குள் எதிர்வீட்டில் இரண்டாவது சத்தம், அதைத் தொடர்ந்து தெருமுனையில் சரவெடி. எங்கள் டிவியில் கடைசிப் பந்தை இன்னும் போடவே இல்லை. அப்பா மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஜெயிச்சிட்டாங்கடா" என்றார். ஜடேஜா ஃபைன் லெக் பக்கம் தட்டிவிட்ட அந்த நான்கு ரன்னை, முடிந்துபோன ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தோம். சென்னை அணிக்கு ஐந்தாவது கோப்பை. வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

மறுநாள் இதைப் பற்றி விசாரித்தேன். நெட்டில் வரும் நேரலையைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரத்தில் மாற்றி, சர்வர்களுக்கு அனுப்பி, நம் டிவி இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட்டுமாம். அதனால் எந்த ஆப்பாக இருந்தாலும் கொஞ்சம் பின்னால்தான் வரும்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்காரர்தான் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பற்றிச் சொன்னார். 2004லிருந்து இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. டிஷ், பாக்ஸ், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. மாதக் கட்டணம் கிடையாது. 2007ல் வந்த சட்டப்படி, இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனம் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அந்த ஒளிபரப்பை தூர்தர்ஷன் தன் சொந்த ஆன்டெனா ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் தரலாம், தனியார் கேபிளில் தரக்கூடாது என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் இருந்தும் அந்த மேட்ச் அதில் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுதான். சொன்னால் ஆறாது: நான் காசு கட்டியும் பார்க்க முடியாத அந்த நியூசிலாந்துத் தொடர்கூட ஃப்ரீ டிஷ்ஷில் வந்திருக்கிறது.

டிஷ் மாட்டிய அன்று மாடியில் அந்தப் பையன் தென்கிழக்கே திருப்பி வைத்து நட்டை முறுக்குகிறான், நடுப்படியில் நான் நிற்கிறேன், கீழே டிவியில் சிக்னல் எண்ணைப் படிக்கும் அப்பா. "நாப்பது... நாப்பத்தஞ்சு... போச்சு, போச்சு, பழையபடி திருப்பச் சொல்லு!" கால்மணி நேரம் இப்படி. எண்பதைத் தொட்டதும் அப்பா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டார்.

குறை இல்லாமல் இல்லை. தமிழ் வர்ணனை எப்போதும் கிடைப்பதில்லை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் வர்ணனையை வானொலியில் கேட்டுப் பழகிய அப்பாவுக்கு அது பெரிய இழப்பு. எல்லா டெஸ்ட்டும் வராது. ஐபிஎல்லுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

ஆவடியிலிருந்து:

உங்கள் அப்பாவின் நோட்டைப் படித்ததும் என் நோட்டு நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் கேபிளை நிறுத்த எதிர்ப்பு அம்மாவின் சீரியலுக்காகத்தான் வந்தது. மேட்ச் பார்ப்பது நான். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் பந்த் 89 அடித்து 328 ரன்னைத் துரத்திய அன்று ஆபீசுக்கு லீவ் போட்டவள் நான்.

ஒரு வருடத்துக்கு மொத்தமாக எந்த ஆப்புக்கும் கட்டாதீர்கள், இது என் அனுபவம். ஒரு தொடர் தொடங்கும்போது உரிமை யாரிடம் என்று பார்த்து ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுவேன். முடிந்த அன்றே ஆட்டோ பேமென்டை நிறுத்துவேன். தேதியை நோட்டில் எழுதிவிடுவேன், இல்லையென்றால் அடுத்த மாதமும் எடுத்துவிடுவார்கள்.

தாமதம் பற்றி எனக்கு வேறு கருத்து. ஜன்னலைச் சாத்திவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டால் எனக்கு அது பிரச்சினையே இல்லை. அபார்ட்மென்டில் இருப்பதால் இப்படிச் சொல்கிறேனோ என்னவோ.

கேபிளை விட்டதால்தான் எனக்கு செஸ் கிடைத்தது. கேபிள் இருந்தவரை விளையாட்டு என்றால் அந்தச் சேனல்கள் காட்டுவது மட்டும்தான். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14வது, கடைசி ஆட்டம். குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் சம புள்ளியில் இருந்தார்கள். யூடியூபில் நேரலை, ஒரு பைசா கட்டணம் இல்லை. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அடுப்படியில் இருந்தார். 55வது நகர்த்தலில் டிங் யானையைக் கொண்டுபோய் தப்பான இடத்தில் வைத்தார். வர்ணனையாளர்கள் அலறினார்கள். எனக்குக் காரணம் புரியவே இல்லை, ஆனால் குகேஷின் முகம் மாறியதைப் பார்த்தேன். தண்ணீர் குடித்தார், பலகையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் டிங் கை கொடுத்துவிட்டார். 18 வயதில் உலக சாம்பியன். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, பழையபடி பலகையில் அடுக்கி வைத்தது. கரண்டியோடு வந்து நின்ற அம்மா, "இது நம்ம மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் ஸ்கூல் பையன்தானே?" என்று கேட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குச் சீரியல் தவறிப்போனதை அவர் சொல்லவே இல்லை. எங்கள் தெருவில் யாரும் பட்டாசு வெடிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

கோவில்பட்டியிலிருந்து:

நாங்கள் ஹாக்கிக்காரர்கள். கேபிள் இருந்த காலத்திலும் எங்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். ஒலிம்பிக்ஸ் வந்தால் உண்டு, மற்ற நாளில் பழைய கிரிக்கெட் மேட்சையே திரும்பப் போடுவார்கள். அதனால் விட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. 2023ல் சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி நடந்தபோது எல்லா ஆட்டத்தையும் போனில் பார்த்தேன். ஜப்பானோடு அரையிறுதியில் எங்கள் ஊர் விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்த கார்த்தி கோல் போட்டபோது நான் பஸ்ஸில் இருந்தேன். கத்திவிட்டேன். கண்டக்டர் வந்து ஸ்கோர் கேட்டார். இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் பாதி நேரத்தில் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று ஜெயித்தோம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கேபிளுக்குக் கட்டிய காசில் கொஞ்சத்தை ஒதுக்கி, பக்கத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு நேரில் போங்கள். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை மதுரையிலும் நடந்தது. பையனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சுவிட்சர்லாந்தோடு 5-0. பந்து மட்டையில் படும் அந்த டக் என்ற சத்தம் டிவியில் கேட்கவே கேட்காது. பையன் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சத்தத்தையே வாயால் போட்டுக்கொண்டு வந்தான்.

மதுரையிலிருந்து:

கோவில்பட்டி அண்ணே, எங்கள் ஊருக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அடுத்த முறை சொல்லிவிட்டு வாங்க, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஆவடி அக்கா, எங்கள் தெருவில் ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கும். சாத்த அப்பாவும் விடமாட்டார்.

ஃப்ரீ டிஷ் வந்த பிறகு என்ன ஆனது என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். 2024 ஜூன் 29, பார்படாஸ், டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன். பாண்டியா போட்ட முதல் பந்தை மில்லர் தூக்கி அடிக்கிறார். சூர்யகுமார் எல்லைக்கோட்டில் பிடித்து, உள்ளே தூக்கிப் போட்டு, வெளியே போய்த் திரும்பி வந்து பிடிக்கிறார். அப்பா எழுந்து நின்று கத்தினார். அதே நேரத்தில் எதிர்வீட்டிலும் கத்தினார்கள். ஒரு வினாடி முன்னே பின்னே இருக்கலாம், எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அப்பா வாசல் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். எதிர்வீட்டு மாமாவும் அவர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். இன்னும் ஐந்து பந்து மீதி இருக்கிறது என்று நான்தான் இருவரையும் உள்ளே அனுப்பினேன்.

ஐபிஎல் நாட்களில் சென்னை மேட்ச் என்றால் ஏழேகாலுக்கே நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அப்பா எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறார். மாமா வீட்டில் நாற்காலி இருக்கிறது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டார்கள். அவருக்கு இந்த நாற்காலிதான் வேண்டும்.