புதுப்பிப்பு: முகடு ஏறினோம், உச்சியைத் தொடவில்லை

போன வாரம் கேட்டிருந்தேனே, இரண்டு நாள் மலைப் பயணத்தில் கையும் காலும் ஊன்றிப் பாறை ஏறும் பகுதிக்கு முழுப் பையையும் சுமந்து போகலாமா என்று. நண்பர்கள் நால்வரும் போய் வந்துவிட்டோம். "பையைக் கூடாரத்திலேயே வைத்துவிடுங்கள்" என்றவர்கள் சொன்னதுதான் சரி.

என் பை 13 கிலோ. அதில் தண்ணீரே 3 கிலோ. நடக்கும்வரை இடுப்புப் பட்டை பாரத்தைத் தாங்கியது. முதல் ஆளுயரப் பாறையில் கால் வைத்ததுமே பை பின்னால் இழுத்தது. திரும்பிப் போய், தண்ணீர், மழைச்சட்டை, தலைவிளக்கு மட்டும் சின்னப் பையில் எடுத்து வந்தோம். ஒரு மணி நேரம் வீண், என் பிடிவாதத்தால்.

அப்புறம் ஏறியது சுகம். கைகால் நான்கில் மூன்று எப்போதும் பாறையில். பிடியைத் தட்டிப் பார்த்த பிறகே அதில் பாரம். அப்படியும் ஒரு கல் என் காலடியிலிருந்து உருண்டது. கீழே வந்தவன் எனக்கு நேராக நிற்காமல் விலகி நின்றதால் தப்பினான்.

உச்சிக்குச் சற்றுக் கீழே தூறல் பிடித்தது. பாசி படிந்த பாறை சோப்புப் போல வழுக்க, திரும்பிவிட்டோம். இறங்குவதுதான் கஷ்டம், கால் வைக்கும் இடமே தெரிவதில்லை. செங்குத்தான இடங்களில் பாறையைப் பார்த்தபடியே இறங்கினோம். முழங்கால் இன்னும் முனகுகிறது.