ஆட்டிசம் இருக்கான்னு பாக்க எந்த டாக்டர்கிட்ட போறது?

தூக்கமில்லா_அம்மா: பையனுக்கு ரெண்டு வயசு, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான், பேச்சும் பெருசா வரல, ஒருத்தர் ஸ்பீச் தெரபிஸ்ட்ன்றாங்க இன்னொருத்தர் நியூராலஜிஸ்ட்ன்றாங்க, யார்கிட்டதாங்க போறது?

நீலவண்டி: டெவலப்மெண்டல் பீடியாட்ரிஷியன் (குழந்தைங்க வளர்ச்சிய பாக்குற டாக்டர்), இல்லனா சைல்ட் சைக்கியாட்ரிஸ்ட். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும் பாப்பாங்க, ஆனா ஆட்டிசம் குழந்தைங்கள நிறைய பாத்தவரான்னு போன்லயே கேட்டுருங்க. முதல்ல காது டெஸ்ட் எடுத்துருங்க, கேக்காமகூட திரும்பாம இருக்கலாம்ல.

சும்மா_ஒருத்தன்: எம்-சாட்னு ஒரு கேள்வித்தாள் குடுப்பாங்க, பெத்தவங்க பதில் சொல்றது, அது வெறும் ஸ்க்ரீனிங் தான், 16லேர்ந்து 30 மாசக் குழந்தைங்களுக்கு, ஸ்கோர் ஜாஸ்தி வந்தா உடனே ஆட்டிசம்னு அர்த்தமில்ல. பத்து நிமிஷம் பாத்துட்டு முடிவு சொல்றவர எனக்கு நம்பவே தோணாது. பிறந்ததுலேர்ந்து எல்லாம் உங்ககிட்ட விலாவாரியா கேக்கணும், பையனோட விளையாடிப் பாக்கணும். ரத்த டெஸ்ட், ஸ்கேன்லலாம் ஆட்டிசம் தெரியாது.

தூக்கமில்லா_அம்மா: ரிப்போர்ட் வர்ற வரைக்கும் தெரபி வேணாமா?

நீலவண்டி: ஐயோ காத்திருக்காதீங்க, பேச்சு லேட்டுங்கறதுக்கே ஸ்பீச் தெரபி ஆரம்பிக்கலாம்.